1,20,000 டாலர் சம்பளம், ஆனாலும் ஆள் இல்லை: அமெரிக்கக் கார் மெக்கானிக்கின் சம்பளக் கணக்கு

ஃபோர்டு கம்பெனியின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி 2025 நவம்பரில் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் ஒரு கணக்குச் சொன்னார். ஃபோர்டு டீலர்ஷிப்புகளில் 5,000 மெக்கானிக் வேலைகள் காலியாக இருக்கின்றன, ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர், அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றார். நம் ரூபாயில் ஒரு கோடிக்கு மேல். செய்தி வெளியானதும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் கிரீஸ் பட்டால் ஆகாது' என்றது ஒரு தரப்பு. 'அந்த 1,20,000-ஐ வாங்கும் ஆளைக் கொஞ்சம் காட்டுங்கள்' என்றார்கள் மெக்கானிக்குகள்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி கார் மெக்கானிக்குகளின் நடு ஊதியம் ஆண்டுக்கு 49,670 டாலர். நடு ஊதியம் என்றால், பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குகிறார்கள். டீலர்ஷிப், தனி ஒர்க்‌ஷாப், டயர் கடை எல்லாம் சேர்ந்த எண் இது. ஃபார்லி சொன்னதில் பாதிகூட இல்லை.

இரண்டு எண்களுமே பொய்யில்லை. இந்த முரண்பாடு எப்படி வருகிறது, அப்புறம் 'சம்பளத்தைக் கூட்டினால் ஆள் நிற்பார்கள்' என்ற எளிய தீர்வு ஏன் பல இடங்களில் பலிப்பதில்லை என்பது புரிய வேண்டுமென்றால், இந்தத் தொழிலில் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், முதலாளி யார்?

ஃபோர்டு டீலர்ஷிப்பில் வேலை செய்பவர் ஃபோர்டு கம்பெனி ஊழியர் இல்லை. அமெரிக்காவில் புதுக் கார் விற்கும் சுமார் 17,000 டீலர்ஷிப்புகள் தனித்தனி முதலாளிகளுடையவை. கார் கம்பெனி நேரடியாகக் கடை திறந்து டீலரோடு போட்டி போடுவதைப் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. ஃபார்லி குறிப்பிட்ட 5,000 காலியிடங்கள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான டீலர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அந்த வேலைகளுக்கு அவர் சம்பளம் தருவதில்லை, அவரால் அதை நேரடியாகக் கூட்டவும் முடியாது.

ஆனால் மெக்கானிக்கின் சம்பளத்தில் கார் கம்பெனிக்குப் பங்கே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வாரன்டியைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

ஃபிளாட் ரேட்: கடிகாரம் எண்ணாத மணி நேரம்

டீலர்ஷிப் மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் 'ஃபிளாட் ரேட்' முறையில் சம்பளம் வாங்குகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒரு நேரப் பட்டியல் இருக்கும். முன் பிரேக் பேட் மாற்ற 1.5 மணி என்று பட்டியல் சொன்னால், அவர் அதை எவ்வளவு நேரத்தில் முடித்தாலும் கணக்கில் ஏறுவது 1.5 மணிதான். மணிக்கு 30 டாலர் ரேட் என்றால் கிடைப்பது 45 டாலர்.

1. ஒரு மணி நேரத்தில் முடித்தால் அரை மணி லாபம். அந்த நேரத்தில் அடுத்த வண்டியை லிஃப்டில், அதாவது காரைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்கும் மேடையில், ஏற்றலாம்.
2. போல்ட் துருப்பிடித்து உடைந்து மூன்று மணி நேரம் இழுத்தால், அப்போதும் 45 டாலர்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் துருப்பிடித்த போல்ட் அன்றாடக் கதை.
3. வண்டியே வரவில்லை, அல்லது உதிரிபாகம் வந்து சேரவில்லை என்றால், காலை 8 மணிக்கு வந்து காத்திருந்தவருக்குக் கணக்கில் பூஜ்யம்.
4. செய்த வேலை சரியில்லை என்று வண்டி திரும்பி வந்தால், மறுபடி செய்வது பொதுவாக அவர் சொந்தச் செலவு. அதாவது இலவசம்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் பனியன் தைப்பவருக்கு இந்த முறை புதிதாகத் தெரியாது. ஒரு வித்தியாசம் உண்டு. ஆயிரம் பனியனும் ஒரே மாதிரி, கை பழகப் பழக வேகம் கூடும். பழுதான காரில் அப்படி இல்லை. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே எச்சரிக்கை விளக்கு என்றாலும் ஒன்றில் காரணம் தளர்ந்த ஒயராக இருக்கும், இன்னொன்றில் எலி கடித்த ஒயராக இருக்கும்.

ஆக, ஒரு மெக்கானிக்கின் வாரச் சம்பளம் இரண்டு எண்களின் பெருக்கல். மணி ரேட் ஒன்று, அந்த வாரம் அவர் கணக்கில் ஏறிய மணிகள் இன்னொன்று. ரேட்டைத் தீர்மானிப்பவர் டீலர். மணிகளைத் தீர்மானிப்பது மூன்று பேர்: நேரப் பட்டியல் எழுதியவர், வாடிக்கையாளரிடம் பேசி வேலை வாங்கும் சர்வீஸ் அட்வைசர், வந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பேட்சர். மெக்கானிக்கின் கையில் இருப்பது அவருடைய வேகம் மட்டும்.

பட்டியலில் தாராளமாக நேரம் கொடுத்திருக்கும் சுலப வேலைக்கு அமெரிக்க ஒர்க்‌ஷாப்புகளில் 'கிரேவி' என்று பெயர். நம் ஊர்ப் பந்தியில் போலவே, யார் இலையில் கிரேவி விழுகிறது என்பது பரிமாறுபவர் மனதைப் பொறுத்தது. ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி இதை வைத்துத்தான்.

வாரன்டி: வேலை அதே, மணி குறைவு

சம்பளக் கணக்கில் கார் கம்பெனியின் கை படும் இடம் இது.

வாரன்டிக் காலத்தில் வண்டி பழுதானால் வாடிக்கையாளர் பணம் தருவதில்லை. கார் கம்பெனி டீலருக்குத் தருகிறது. அந்த வேலைக்கு எத்தனை மணி என்பதையும் கம்பெனியே எழுதுகிறது. பணம் கொடுப்பவரே நேரத்தையும் எழுதினால் எப்படி எழுதுவார்? வாடிக்கையாளர் பணம் கட்டிச் செய்யும் வேலைக்கு டீலர்கள் பயன்படுத்தும் பொதுப் பட்டியல்களில் உள்ளதைவிட வாரன்டி நேரம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். துரு, பழைய பிளாஸ்டிக், இறுகிய போல்ட் இல்லாத புது வண்டியை மனதில் வைத்து எழுதியது, அதனால்தான் குறைவு என்பது கம்பெனிகளின் வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் நான்கு பனிக்காலம் பார்த்த வண்டியும் வாரன்டியில்தான் வருகிறது.

இதோடு 2025-இல் நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் அதிக ரீகால் அறிவித்த கம்பெனி என்ற பெயர் அதுவரை ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்தது, 2014-இல் 77 ரீகால். ஃபோர்டு அந்த எண்ணை 2025-இன் நடுப்பகுதியிலேயே தாண்டிவிட்டது. ரீகால் என்றால் தயாரிப்புக் குறையைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தருவது. அதாவது கம்பெனி எழுதிய நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. ஆள் பற்றாக்குறை பற்றிக் கம்பெனித் தலைவர் கவலைப்பட்ட அதே ஆண்டில், அந்த ஆட்களின் மணிகளைச் சுருக்கக்கூடிய வேலை அவர்களிடம் குவிந்தது. ரீகால் எல்லாமே நஷ்டம் என்று சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் ஏற்றுவது போன்ற சில வேலைகளில் ஒரே நேரத்தில் நான்கு வண்டிகளைப் பார்க்கலாம். ஆனால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் ரீகாலில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம் யாருக்கு?

இன்றைய காரில் பல பத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. பழுதை நீக்க இருபது நிமிடம், பழுது எது என்று கண்டுபிடிக்க நான்கு மணி நேரம் என்பது சாதாரணம். ஃபிளாட் ரேட் முறை பிரிப்பது, மாட்டுவது போன்ற கைவேலையை அளக்கத் தெரிந்த முறை. யோசிப்பதை அளக்க அதற்கு வழி தெரியாது. கண்டுபிடிக்கும் வேலைக்கு அரை மணி, ஒரு மணி என்று ஒரு சிறு தொகை எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

விளைவு விசித்திரமானது. நன்றாகப் படித்த, அனுபவமுள்ள மாஸ்டர் டெக்னீஷியனிடம்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியாத வண்டிகள் போய்ச் சேரும். பக்கத்து லிஃப்டில் இளைஞர் ஒருவர் ஆயிலும் பிரேக்கும் மாற்றி நாளைக்குப் பத்து மணி ஏற்றிக்கொண்டிருப்பார். மாஸ்டர் ஒரே வண்டியின் ஒயரைத் துழாவிக்கொண்டு மூன்று மணியோடு வீட்டுக்குப் போவார். அவருடைய ரேட் அதிகம்தான். அதிக ரேட்டை மூன்றால் பெருக்கி என்ன பயன்? திறமைக்குத் தண்டனை என்று மெக்கானிக்குகள் சொல்வது கோபத்தில் சொல்வது அல்ல, பெருக்கல் வாய்ப்பாடு.

1,20,000 எங்கிருந்து வந்தது?

ஃபார்லியின் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். நல்ல அனுபவசாலிக்கு மணிக்கு 40 டாலர் ரேட் என்று வைத்துக்கொள்வோம். 1,20,000-ஐ 40-ஆல் வகுத்தால் 3,000 மணி. ஆண்டுக்கு ஐம்பது வாரம் வேலை என்றால் வாரத்துக்கு 60 மணி கணக்கில் ஏற வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் இருப்பது நாற்பது, நாற்பத்தைந்து மணி நேரம். அதற்குள் அறுபது மணி வேலையை முடிக்க வேண்டும், வாராவாரம்.

முடியாதது இல்லை. டீசல் எஞ்சின், டிரான்ஸ்மிஷன் போன்ற பெரிய வேலைகளில் கைதேர்ந்த சிலர் முடிக்கிறார்கள். ஃபார்லியே அந்தப் பேட்டியில், சூப்பர் டியூட்டி டிரக்கிலிருந்து டீசல் எஞ்சினைக் கழற்றக் கற்றுக்கொள்ளவே ஐந்து ஆண்டு ஆகும் என்றார். அப்படியானால் 1,20,000 என்பது வேலையின் சம்பளம் இல்லை. கைதேர்ந்த ஒருவருக்கு, வேலை குறையாத ஒர்க்‌ஷாப்பில், நல்ல ஆண்டில் எட்டக்கூடிய உயரம். அதை விளம்பரத்தில் 'சம்பளம்' என்று போடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. சேர்ந்து இரண்டு ஆண்டில் விலகிப் போகும் இளைஞர்கள் அந்த உயரத்தைப் பார்த்து வந்து முதல் படியிலேயே நின்றவர்கள்.

ஓவர்டைம் சட்டத்தில் ஓர் ஓட்டை

வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அமெரிக்காவின் 1938 தொழிலாளர் சட்டம். 1961-இல் கார் டீலர்ஷிப் ஊழியர்கள் அனைவரையும் அதிலிருந்து விலக்கினார்கள். 1966-இல் அந்த விலக்கைச் சுருக்கி விற்பனையாளர், உதிரிபாகப் பிரிவு ஆள், மெக்கானிக் என்ற மூன்று பேருக்கு ஓவர்டைம் கட்டாயமில்லை என்றார்கள். சர்வீஸ் அட்வைசரும் இந்த விலக்குக்குள் வருவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவின் என்சினோ என்ற ஊரில் உள்ள மெர்சிடிஸ் டீலர்ஷிப் ஒன்றின் வழக்கு அது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2025-இல் வந்த வரிச் சட்டம் 2028 வரை ஓவர்டைம் பணத்தில் ஒரு பகுதிக்கு வருமான வரிச் சலுகை தருகிறது, உச்சவரம்பு 12,500 டாலர். ஆனால் அந்தச் சலுகை மத்தியச் சட்டம் கட்டாயமாக்கிய ஓவர்டைமுக்கு மட்டுமே. ஃபாக்டரியில் மணிக்கூலிக்கு வெல்டிங் செய்பவருக்கு அது உண்டு. அதே ஊர் டீலர்ஷிப்பில் அவருக்குச் சமமாக உழைக்கும் மெக்கானிக் விலக்குப் பட்டியலில் இருப்பதால், முதலாளி தானாக விரும்பி ஓவர்டைம் கொடுத்தாலும் அவருக்குச் சலுகை இல்லை. டீலர்ஷிப்பை விட்டுப் போகிறவர் எங்கே போகிறார் என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். அவர் வேறு டீலரிடம் மட்டும் போவதில்லை. நகராட்சி பஸ் டிப்போ, பார்சல் கம்பெனியின் வண்டிப் பட்டறை, ஏசி வேலை, கனரக இயந்திரம் என்று மணிக்கூலியும் ஓவர்டைமும் உள்ள இடத்துக்குப் போகிறார்.

கலிஃபோர்னியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. காத்திருக்கும் நேரத்துக்கும் இடைவேளைக்கும் தனியாகக் கூலி தர வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் 2016 முதல் சொல்கிறது. சொந்தக் கருவிகளைக் கொண்டுவரச் சொன்னால் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்காவது தர வேண்டும். 2025-இல் அங்கே குறைந்தபட்சக் கூலி 16.50 டாலர், ஆக 33 டாலர்.

கருவிப் பெட்டி

சொந்தக் கருவி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க டீலர்ஷிப் மெக்கானிக் ஸ்பேனர் முதல் ஏர் கன் வரை தன் காசில் வாங்குகிறார். வாரம் ஒரு முறை ஸ்நாப்-ஆன், மேட்கோ போன்ற கம்பெனிகளின் வேன் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வரும், தவணையில் வாங்கலாம். பத்து ஆண்டு அனுபவமுள்ளவரின் பெட்டியில் பல பத்தாயிரம் டாலர் கிடக்கும். இந்தச் செலவை வரியில் கழிக்க முன்பு ஒரு வழி இருந்தது. 2017-இன் வரிச் சட்டம் அதை 2018 முதல் நிறுத்தியது, 2025-இன் சட்டம் நிரந்தரமாக மூடியது. சம்பள உயர்வு என்று பேசும்போது இந்தத் தவணையைக் கழித்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

காலி லிஃப்டின் விலை

இப்போது டீலர் பக்கத்துக் கணக்கு. டீலர் என்றால் கார் விற்றுப் பிழைப்பவர் என்று நினைப்போம். வருமானத்தில் பெரும்பகுதி விற்பனைதான். ஆனால் மொத்த லாபத்தில் ஏறத்தாழ பாதி சர்வீஸும் உதிரிபாகமும் தருபவை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2025-இல் 12.8 ஆண்டு. பழைய வண்டி, நிறைய வேலை.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, விகிதங்கள் தொழிலில் வழங்குபவை.

1. தள்ளுபடி, வாரன்டி எல்லாம் போக டீலருக்கு ஒரு மணி வேலைக்குச் சராசரியாகக் கிடைப்பது 150 டாலர். மெக்கானிக் ஒருவர் வாரம் 40 மணி ஏற்றினால் 6,000 டாலர்.
2. அவருக்கு மணிக்கு 32 டாலர், வாரம் 1,280. முதலாளி கட்டும் வரி, காப்பீடு சேர்த்து 1,600 என்று வைப்போம்.
3. மீதி 4,400 டாலர். உதிரிபாக லாபம் இதில் சேரவில்லை.
4. மணிக்கு 5 டாலர் உயர்த்தினால் வாரம் 200, ஆண்டுக்கு 10,000. வரியோடு சுமார் 10,800.
5. அவர் விலகி லிஃப்ட் காலியாகக் கிடந்தால் வாரத்துக்கு 4,400 போகும். அதாவது இரண்டரை வாரம் காலியாகக் கிடந்தாலே ஓர் ஆண்டின் உயர்வுப் பணம் கரைந்துவிடும்.

டீலர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் இந்த ஐந்தாவது வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு மட்டும் உயர்த்த முடியாது. ஒர்க்‌ஷாப்பில் சம்பள ரகசியம் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பன்னிரண்டு பேர் இருந்தால் ஆண்டுச் செலவு சுமார் 1,30,000. இது முப்பது வாரக் காலி லிஃப்டுக்குச் சமம். இந்த உயர்வால் இரண்டு பேர் விலகாமல் நின்று, இரண்டு இடங்களும் மூன்றரை மாதம் காலியாகக் கிடப்பது தவிர்ந்தால் கணக்கு நேராகும். அதற்குக் கீழே என்றால் கையைக் கடிக்கும். விலகியவரின் வேலையைப் பக்கத்து லிஃப்டுக்காரர்கள் பகிர்ந்து செய்ய முடிகிற மந்தமான மாதங்களில் காலி லிஃப்டின் விலையும் குறைவு. நல்ல மாஸ்டர் ஒருவர் கிடைக்க மூன்றரை மாதம் போதாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான டீலர்களுக்கு உயர்வு லாபமே என்பது என் கணிப்பு. எந்த எண்ணை உயர்த்துகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த எண்ணைக் கூட்டுவது?

1. மணி ரேட். எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். 32-ஐ 37 ஆக்குகிறார் டீலர். அதே சமயம் புதிதாக இரண்டு பேரைச் சேர்க்கிறார், வருகிற வேலை இப்போது கூடுதல் கைகளில் பிரிகிறது. முன்பு 40 மணி ஏற்றியவர் 30 மணி ஏற்றுகிறார். 40-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,280. 30-ஐ 37-ஆல் பெருக்கினால் 1,110. உயர்வு கிடைத்த மாதத்திலேயே சம்பளம் குறைந்துவிட்டது. 'இவ்வளவு ஏற்றியும் போகிறார்களே' என்று டீலர் புலம்புவது இங்கேதான்.

2. மணி உத்தரவாதம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் வாரத்துக்கு இத்தனை மணிக்கான கூலி நிச்சயம் என்பது. டீலர்களின் பயம், ஆள் சோம்பேறியாகிவிடுவார் என்று. ஆனால் செலவு குறைந்த வாரங்களில் மட்டுமே வரும். 40 உத்தரவாதம் உள்ளவர் 33 ஏற்றினால் டீலர் தன் கையிலிருந்து தருவது 7 மணி, 224 டாலர். விளம்பரம் செய்வதும் அப்பாயின்ட்மென்ட் நிரப்புவதும் டீலரின் வேலை, மெக்கானிக்கின் வேலை அல்ல. வண்டி வராத வாரத்தின் நஷ்டத்தை அதற்குப் பொறுப்பானவரே ஏற்பதில் நியாயம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிகாகோ வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டீலர்ஷிப்புகளில் ஏறத்தாழ 2,000 மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏழு வாரம் நீடித்தது. அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று இந்த உத்தரவாத மணிகளை உயர்த்த வேண்டும் என்பது.

3. கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் கடிகாரக் கூலி. மாஸ்டர் பழுது தேடும் நேரத்தை மட்டும் ஃபிளாட் ரேட்டிலிருந்து வெளியே எடுத்து, உண்மையில் செலவான மணிக்குத் தருவது. ஓரிருவருக்கு மட்டும் பொருந்துவதால் செலவு குறைவு. போனால் ஈடுகட்டவே முடியாத ஆட்கள் அவர்கள்தான். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இது.

4. கற்றுக்கொடுப்பதற்கு மணி. ஃபிளாட் ரேட்டில் இருப்பவர் ஓர் இளைஞருக்கு விளக்கிச் சொல்லும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. யார் சொல்லித் தருவார்? கற்பவரின் மணிகளில் ஒரு பங்கைக் கற்பிப்பவர் கணக்கிலும் ஏற்றினால் இந்த முடிச்சு அவிழும்.

5. படிப்படியான போனஸ். வாரம் 45 மணி தாண்டினால் எல்லா மணிக்கும் 2 டாலர் கூடுதல் என்பது போல. வேகமானவர்களுக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மாலை 43 மணியில் நிற்பவர் அடுத்த வண்டியை எப்படி முடிப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். திங்கட்கிழமை அது திரும்பி வரும்.

சேரும்போது தரும் பெரிய தொகையை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. புதியவருக்கு 10,000 டாலர் கொடுத்து அழைத்துவந்தால், பன்னிரண்டு ஆண்டாக அதே இடத்தில் இருப்பவர் எதிர்க் கடையின் 10,000 டாலருக்குக் கிளம்புவார். இது ஆளைத் தக்கவைக்கும் வழி ஆகாது. ஆட்களை இடம் மாற்றும் வழி.

பணம் எங்கிருந்து வரும்?

வாடிக்கையாளரின் பில்லை ஏற்றலாம், ஒரு வரம்பு வரை. ஏற்றிக்கொண்டே போனால் வாரன்டி முடிந்த அன்றே அவர் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். மிச்சம் இருப்பது கார் கம்பெனி.

வாரன்டி வேலைக்கும் டீலர் சில்லறை வாடிக்கையாளரிடம் வாங்கும் ரேட்டையே கம்பெனி தர வேண்டும் என்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. பல மாநிலங்களில் நடைமுறை இப்படி: டீலர் தன் சில்லறை வேலை ரசீதுகளில் வரிசையாக 100-ஐ எடுத்துச் சராசரி காட்டி விண்ணப்பிப்பார், கம்பெனி அந்த ரேட்டுக்கு உயர்த்தித் தர வேண்டும். ஆனால் இது மணி ரேட்டை மட்டும் சரிசெய்கிறது. எத்தனை மணி என்பது கம்பெனியின் பட்டியலிலேயே நிற்கிறது. டீலருக்கு வாரன்டி மணிக்கு 150-க்குப் பதில் 180 கிடைக்கத் தொடங்கினாலும், மெக்கானிக்குக்கு அதே வேலைக்கு அதே 0.8 மணி, அதே 32 டாலர்.

இல்லினாய் மாநிலம் அந்த மணிகளையே தொட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வேறு நேரப் பட்டியலுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாத இடத்தில் கம்பெனி எழுதிய வாரன்டி நேரத்தை 1.5-ஆல் பெருக்கித் தர வேண்டும். கம்பெனி 2 மணி என்று எழுதினால் டீலருக்கு 3 மணிக்கான பணம். பொதுவாக எதிரெதிரே நிற்கும் டீலர் சங்கமும் மெக்கானிக் சங்கமும் இந்த மசோதாவுக்காக ஒரே பக்கம் நின்றன. சிகாகோ வேலைநிறுத்தம் நடந்த அதே மாநிலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் பேசுவது கம்பெனி டீலருக்குத் தர வேண்டிய தொகையைப் பற்றி. அந்த மூன்றாவது மணி மெக்கானிக்கின் கணக்கிலும் ஏறுமா என்பது அந்தந்த டீலர்ஷிப்பின் சம்பள ஒப்பந்தத்தில் உள்ள விஷயம். வேலைக்குச் சேருகிறவர் 'மணிக்கு எவ்வளவு' என்று கேட்பதற்கு முன்னால், 'வாரன்டி வேலைக்கு எந்தப் பட்டியல்படி நேரம் ஏறும், போன மாதம் இந்த லிஃப்டில் இருந்தவருக்கு எத்தனை மணி ஏறியது' என்று கேட்டால், அந்தக் கடை சொல்லும் சம்பளம் எந்த எண் என்று தெரிந்துவிடும்.